பேசி வைத்த டிரா

செஸ் கிளப்பில் அவளைக் கல்லு என்றுதான் கூப்பிடுவார்கள். பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஜெயித்துக்கொண்டிருக்கிறாளா, தோற்றுக்கொண்டிருக்கிறாளா என்று எதிரில் இருப்பவன் தவித்துப்போவான். பெயர் வைத்தவர் கிளப் செயலாளர். தட்டச்சுப் பள்ளி நடத்துகிறவர், வாய் சும்மா இருக்காது. "இந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாக்கறதுக்கு அந்தச் சுவத்தைப் பாக்கலாம், அதுல விரிசலாவது தெரியும்" என்பார். அவளுடைய அண்ணனுக்கு அவர் வைத்த பெயர் புயல்.

கிளப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தட்டச்சுப் பள்ளியின் மாடியில் ஒரே அறை. மேஜைகள் ஆடாமலிருக்கக் காலுக்கடியில் மடித்துச் செருகிய அட்டை. கீழே வகுப்பு நடக்கும்போது டைப் அடிக்கும் சத்தம் தரை வழியாக ஏறி வரும். அந்தச் சத்தத்திலேயே யோசிக்கப் பழகியவர்களுக்கு வேறு இடத்தில் அமைதி தொந்தரவாக இருக்கும். அண்ணனும் தங்கையும் அங்கேதான் ஆட்டம் பழகினார்கள். புயல் முன்பின் பார்க்காமல் பாய்வான். குதிரையைக் கொடுப்பான், யானையைக் கொடுப்பான், சுற்றி நிற்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். கல்லு அவன் கொடுத்ததையெல்லாம் வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். கடைசியில் அவனிடம் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. வீட்டில் ஆடினால் பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். இதை அவன் வெளியே சொன்னதில்லை; அவளும் சொன்னதில்லை.

அவள் எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் கடைசி வருடம் இருந்தபோது வீட்டு நிலைமை இறுகிக்கொண்டே வந்தது. அப்பா மரக்கிடங்கில் கிரேன் ஓட்டியவர். கண் மங்கத் தொடங்கியதும் அவரை வாசல் காவலுக்கு மாற்றிவிட்டார்கள். அத்தனை உயரத்தில் உட்கார்ந்து மரம் தூக்கிய மனிதர் கீழே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, உள்ளே வரும் லாரியின் நம்பரை எழுத வேண்டும். நம்பரும் சரியாகத் தெரியாது. டிரைவரையே கேட்டு எழுதிக்கொள்வார். அண்ணனோ படிப்பை முடித்துவிட்டு வேலை தேடித் தேடி, தேடுவதையே வேலையாக ஆக்கிக்கொண்டவன். இன்டர்வியூவுக்குப் போய்வந்து சட்டையைக் கழற்றிப் போடும் விதத்திலேயே முடிவு என்னவென்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

அந்த வருடம் நகரச் சாம்பியன்ஷிப்பில் இருவரும் நன்றாக ஆடினார்கள். மின்விசிறி செய்யும் ஒரு பெரிய கம்பெனிக்குச் சொந்தமாக செஸ் அணி இருந்தது; அதில் ஆடுகிறவர்களுக்கு அங்கேயே வேலை. அதன் விளையாட்டு அதிகாரி அண்ணனின் ஆட்டத்தை இரண்டு மூன்று சுற்றுகளாக நின்று பார்த்துவிட்டு, "சாம்பியன் ஆயிட்டு வாங்க தம்பி, மீதியை நான் பாத்துக்கறேன்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அண்ணன் தரையில் நடக்கவில்லை.

கடைசிச் சுற்றுக்கு முன் அவன் முதலிடம். அவள் அவனுக்கு அரைப் புள்ளி பின்னால். யாரோடு யார் என்ற பட்டியலை ஒட்டியபோது கூடமே சிரித்தது. அண்ணனுக்கும் தங்கைக்கும் மோதல். டிரா ஆனால் அவன் சாம்பியன். அவள் ஜெயித்தால் அவள் சாம்பியன். சாம்பியன் மட்டும்தான் தேசியப் போட்டிக்குப் போகலாம். அந்த நகரத்திலிருந்து அதுவரை ஒரு பெண்ணும் போனதில்லை. தட்டச்சு வாத்தியார் அவளைப் பார்க்கும்போதெல்லாம் இதைக் காதில் போட்டுக்கொண்டே இருந்தார்.

முந்தின நாள் பகலில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா துடைக்கும் துணியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்கு உங்கண்ணன்கூடத்தானே ஆட்டம்?"

"ஆமா."

"ரெண்டு பேரும் சமமா முடிச்சுக்கிட்டா அவன்தான் சாம்பியனாமே."

அவள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "அவன் கேக்கச் சொன்னானா?"

"அவன் எதுக்குக் கேக்கணும்? நான் கேக்கறேன். உனக்குப் படிப்பு முடிஞ்சா ஆஸ்பத்திரியில வேலை. அவனுக்கு என்ன இருக்கு, நீயே சொல்லு. உங்கப்பா இன்னும் எத்தனை நாளைக்கு அந்த ஸ்டூல்ல உக்காந்து டிரைவருங்க வாயைப் பாத்துக்கிட்டு இருப்பாரு?"

"நான் ஜெயிச்சா தேசியப் போட்டிக்குப் போவேன்மா."

"போயி?"

அம்மா அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.  கல்லுவிடம் பதில் இருந்தது. அம்மாவிடம் சொல்லும்படியாக அது இல்லை. கையை உதறித் துடைத்துக்கொண்டு, "சரிம்மா" என்றாள்.

அண்ணன் அதற்குள் முன்னறையில் பலகையை எடுத்து வைத்திருந்தான். அவளுக்கு டீ கூடப் போட்டு வைத்திருந்தான். அவன் அவளுக்கு டீ போட்டது அதுதான் முதல் தடவை. சர்க்கரை வாயில் ஒட்டியது.

"சும்மா நாலு காயை நகத்திட்டுக் கை குலுக்கினா எல்லாரும் காறித் துப்புவாங்க. அந்த ஆபீசர் வேற வந்து நிப்பாரு. பாக்கறதுக்கு ரத்தக்களரியா இருக்கணும், முடியறப்ப டிராவா முடியணும்" என்றான்.

"அப்படி எது இருக்கு?"

"விஷச் சிப்பாய்."

அவளும் அதைத்தான் நினைத்தாள். மறுநாள் அவனுக்கு வெள்ளைக் காய், அவளுக்குக் கறுப்பு. செஸ்ஸில் அது பேர்போன ஒரு தொடக்கம். வெள்ளை தன் பக்கத்தில் ஒரு சிப்பாயைக் காவல் இல்லாமல் விட்டுவைக்கும். கறுப்பு ராணி தனியாக அவ்வளவு தூரம் போய் அதைத் தின்னலாம். தின்றால் ஒரு சிப்பாய் லாபம். ஆனால் ராணி திரும்பி வருவதற்குள் வெள்ளை தன் படை முழுவதையும் கறுப்பு ராஜாவின் மேல் ஏவிவிடும். இரண்டு பக்கமும் கத்தி முனையில் நிற்கிற ஆட்டம். ஓர் அடி தப்பினால் கதை முடிந்தது. இருவருமே தப்பாமல் ஆடினால், பல கிளைகளில் அது ஒரே இடத்தில் போய் முட்டும்: ஒருவர் மாற்றி மாற்றி செக் வைக்க, மற்றவர் ராஜாவை அங்கும் இங்கும் நகர்த்த, முடிவில்லாமல் சுற்றி, டிரா. இந்தக் கிளையில் செக் வைக்கப் போவது அண்ணன். அன்று சாயங்காலம்வரை இருவரும் அதைத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தார்கள். எந்த இடத்தில் அவன் நிமிர்ந்து கூரையைப் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் அவள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பதுவரை அவன் சொல்லிக் கொடுத்தான். இடையிடையே சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சொல்லப்போனால் அவர்கள் இருவரும் ஒரு பலகையில் ஒரே பக்கம் ஆடியது அந்த ஒரு பகல்தான்.

போட்டி ஒரு பள்ளிக்கூடத்தின் கூடத்தில் நடந்தது. அப்பா காவல் உடுப்போடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். பலகை அவருக்குத் தெரியாது. பிள்ளைகளின் உருவம் தெரிந்தாலே அதிகம். விளையாட்டு அதிகாரி கைகட்டிச் சுவரோரம் நின்றார். ஆட்டம் பேசி வைத்தபடி பாய்ந்தது. கறுப்பு ராணி போய்ச் சிப்பாயைத் தின்றதும் கூட்டத்தில் முணுமுணுப்பு. அண்ணன் குதிரையைப் பலி கொடுத்ததும் யாரோ விசிலடித்து நடுவரிடம் திட்டு வாங்கினார்கள். அண்ணன் சரியான இடத்தில் கூரையைப் பார்த்தான். அவள் சரியான இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்தது அவன் ராணியால் முதல் செக் வைக்க வேண்டும்.

அவன் ராணியைத் தொடவில்லை. மூலையில் இருந்த யானையை எடுத்து நடுவே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தான்.

முதலில் அவன் குழம்பிவிட்டான் என்று நினைத்தாள். பயத்தில் வரிசை மறந்துவிட்டதோ என்று இரக்கம்கூட வந்தது. பிறகு அந்த யானை எதைப் பார்த்து நிற்கிறது என்று பார்த்தாள். அடுத்த நகர்த்தலில் அவளுடைய ராஜா செத்துப்போகும். இது மறதியில் வைத்த காய் இல்லை. வீட்டில், அவளுக்குத் தெரியாமல், உட்கார்ந்து தேடி எடுத்தது. அவனுக்கு டிரா போதும். சாம்பியன் பட்டமும் வேலையும் மடியில் வந்து விழும். அவ்வளவு இருந்தும் தங்கை கொடுத்து வாங்குவதாக இருக்கக் கூடாது, தங்கையை அடித்து வாங்கியதாக இருக்க வேண்டும். அவள் நம்பி வருவாள் என்று தெரிந்துதான் அந்தப் பாதையில் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறான்.

அவள் முகம் எப்போதும்போல் இருந்தது.

அவள் யோசிக்க ஆரம்பித்தாள். இப்போது நிஜமாகவே ஆட வேண்டும். இரண்டு வழி கிடைத்தது. ஒன்று, அவன் பக்கத்தில் நிற்கிற தன் ராணியை வைத்து அவன் ராஜாவுக்கு இவளே விடாமல் செக் வைப்பது, அதில் டிரா. இன்னொன்று, பார்த்தால் ஒன்றுமில்லாத நகர்த்தல்: தன் ராஜாவை ஒரு கட்டம் மூலைப் பக்கம் ஒதுக்குவது. அண்ணன் பாய்வான். பாயட்டும். அவள் ஒவ்வொரு பாய்ச்சலையும் தொடர்ந்து போய்ப் பார்த்தாள். எல்லாம் சுவரில் முட்டி நின்றது. அவன் கை ஓய்ந்த பிறகு அவளிடம் ஒரு குதிரை அதிகம் இருக்கும். ஜெயம். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். ஜெயம்தான்.

கூடம் அவ்வளவு அமைதியாக இருந்ததில், பின்வரிசையில் அப்பா பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தது அவளுக்குக் கேட்டது.

"யாருங்க முன்னால இருக்கா?"

"தெரியலைங்க. ரெண்டு பேருமே செத்துடுவாங்க போல இருக்கு."

"பையன் எப்படி இருக்கான்?"

பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தால் அவள் ராஜாவைத் தொட்டிருப்பாளோ என்னவோ. அவள் ராணியை எடுத்து செக் வைத்தாள். அவன் ராஜா நகர்ந்தது. மறுபடி செக். மறுபடி நகர்ந்தது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. இவள் பலகையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடுவர் வந்து டிரா என்று எழுதினார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. அண்ணன் நீட்டிய கையை அவள் குலுக்கினாள்.

சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் அவள் கேட்டாள்: "ஏண்ணா அப்படி ஆடினே?"

"எப்படி?"

"நாம பேசினது அது இல்லையே."

"ஏய், கொஞ்சம் நிஜமாத் தெரியணும்ல? பேசி வச்ச மாதிரியே ஆடினா கண்டுபிடிச்சுட மாட்டாங்களா? உன்னால சமாளிக்க முடியும்னு எனக்குத் தெரியாதா என்ன?" பூட்டைத் திறக்கச் சாவியைத் துழாவிக்கொண்டே சொன்னான். சாவி கையில்தான் இருந்தது.

வேலை கிடைத்தது. அப்பா அந்த ஸ்டூலைவிட்டு எழுந்தார். அதை மட்டும் அவளால் எந்தக் காலத்திலும் குறை சொல்ல முடியவில்லை. ஒரு செஸ் பத்திரிகை அந்த ஆட்டத்தை அச்சடித்து, அண்ணனின் யானை நகர்த்தலுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டு, "துணிச்சலின் உச்சம்" என்று எழுதியது. அவளுடைய செக்குகளுக்கு, "கறுப்பு தப்பிப் பிழைக்கிறது" என்று எழுதியது. தேசியப் போட்டிக்குப் போன அண்ணன் கடைசிக்குக் கொஞ்சம் மேலே முடித்துவிட்டு, ஹாலில் ஏசி அதிகம், ஜலதோஷம் பிடித்துவிட்டது என்று மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தான்.

அவள் அடுத்த வருடமும் ஆடிப் பார்த்தாள். எதிரில் யார் உட்கார்ந்தாலும், இவன் மனசில் வேறென்ன வைத்திருக்கிறான் என்று முகத்தையே பார்க்கத் தோன்றியது. முகத்தைப் பார்த்தால் பலகை தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் என்று காரணம் சொல்லிக் கிளப்பிலிருந்து நின்றுகொண்டாள். தட்டச்சு வாத்தியார் மட்டும் வீடு தேடி வந்தார். "ஏம்மா, எங்களை விட்டுட்டே?" என்றார். "நேரமில்ல சார்" என்றாள். அவர் சுவரைப் பார்ப்பதுபோல் அவள் முகத்தைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, டீ குடிக்காமல் போனார்.

கல்யாணம் ஆனது. புருஷன் பஸ் பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவர், நல்ல மனிதர், செஸ்ஸில் குதிரை எது என்று மட்டும் தெரியும். ஒரு நாள் அவள் அந்த ஆட்டத்தைப் பற்றி எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேருமே ஜெயிக்கலைன்னா அவ்வளவு நேரம் எதுக்கு உக்காந்தீங்க?" என்றார். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மார்புக்கூடும் முட்டியும் உடைந்த மணிக்கட்டுமாக வருடங்கள் ஓடின. "மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க." இதைச் சொல்லியே அவள் தலை நரைத்தது. எக்ஸ்ரே அக்கா என்றால் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். மனசுக்குள் அவள் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தாள்: ஜெயம் என் கையில் இருந்தது, நானாகத்தான் கொடுத்தேன். மேலதிகாரி எரிந்து விழுந்த நாளிலும், வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசாத நாளிலும், அந்த ராஜாவை மனசில் ஒரு கட்டம் ஒதுக்கிவைத்துப் பார்ப்பாள். ஆறுதலாக இருக்கும்.

அண்ணனின் கதை வருடத்துக்கு வருடம் வளர்ந்தது. முதலில், "நானும் தங்கச்சியும் ஆடினோம் பாருங்க, ஒரு ஆட்டம்!" பிறகு, "ஜெயிக்க வேண்டிய ஆட்டம், நூலிழையில தப்பிச்சுட்டா." அவன் ஓய்வுபெற்ற நாளில் கம்பெனி கேன்டீனில் மாலையும் கழுத்துமாக மைக்கைப் பிடித்து, "தங்கச்சியாச்சே, அழுதுடப் போறாளேன்னு கடைசியில விட்டுக் கொடுத்துட்டேன்" என்றான். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் உதட்டை இழுத்து வைத்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவும் இடத்தில் அவனைப் பிடித்தாள்.

"அண்ணா, யாரு யாருக்கு விட்டுக் கொடுத்தா?"

"ஏன், என்ன இப்ப?"

"நாம முன்னாடி நாளே உக்காந்து பேசினோம். டிரான்னு. நீதான் பேச்சை மீறினே."

அவன் குழாயை மூடிவிட்டு அவளைப் பார்த்தான். நடிக்கிறானா என்று அவள் அவன் முகத்தைத் துழாவினாள், நடிப்பு இல்லை. 

"பேசினோமா? எப்ப? உனக்கு என்னமோ ஆயிடுச்சு. நான் அப்படிப்பட்ட ஆட்டமே ஆடினதில்லையே."

"அம்மாதானே வந்து என்கிட்ட..."

"அம்மாவை ஏன் இதுல இழுக்கறே? போய்ச் சேந்துட்டாங்க. நல்ல நாளும் அதுவுமா பழசைக் கிளறாதே." கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, மாலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனான்.

ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி போனில் செஸ் ஆடுவாள். அந்தப் போனிலேயே ஆட்டத்தை அலசிச் சொல்லும் வசதி இருப்பதாகவும், பெரிய பெரிய சாம்பியன்களையே அது தோற்கடிக்கும் என்றும் அவள்தான் சொன்னாள். கல்லு அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். அண்ணனிடம் காட்ட வேண்டும். சாட்சி செத்துப்போனால் என்ன, பலகை சாட்சி சொல்லும். நீ வைத்த யானை தப்பு, நான் ஜெயித்திருப்பேன் என்று இயந்திரமே சொன்னால் அவன் எங்கே போய் மறைவான்?

மத்தியானம் நோயாளிகள் இல்லாத நேரத்தில், எக்ஸ்ரே அறையின் ஈயத் தகடு பதித்த தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து காய்களை ஒவ்வொன்றாக வைத்தாள். ஒரு காய்கூட மறக்கவில்லை. பிறகு கறுப்பு ராஜாவை ஒரு கட்டம் மூலைப் பக்கம் நகர்த்தினாள். நிஜத்தில் அவள் தொடாத காய் அது.

திரையோரத்தில் சுழியம் வந்தது. சரிசமம்.

இன்னும் யோசித்து முடிக்கவில்லை என்று நினைத்துக் காத்திருந்தாள். எண்கள் ஓடின, சுழியம் மாறவில்லை. அது காட்டிய வழியை ஒவ்வொரு நகர்த்தலாகத் தட்டிப் பார்த்தாள். நடுவே அண்ணன் அந்த யானையையும் பலி கொடுக்கிறான். அவள் வாங்கியே ஆக வேண்டும். வாங்கினால் அவன் ராணி உள்ளே வந்து, அங்கும் இங்குமாக விடாமல் செக். டிரா. அவள் கணக்குப் போட்ட அத்தனை பாய்ச்சலிலும் அந்த ஒரு பலியைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருடமாக மனசில் ஆடிப் பார்த்தபோதும் பார்க்கவில்லை. வேறு நகர்த்தல்களையும் போட்டுப் பார்த்தாள். எல்லாம் ஒன்று சுழியம், இல்லை தோல்வி. அவள் கொடுப்பதற்கு அங்கே ஒன்றுமே இருந்ததில்லை.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "வரேன், உக்காருங்க" என்றாள். குரல் சரியாகத்தான் வந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அண்ணனே போன் பண்ணினான். கேன்டீனில் நடந்தது அவனை உறுத்தியிருக்க வேண்டும். சுற்றி வளைத்து அவள் முட்டிவலியை விசாரித்தான். அவள் தன்னையறியாமல் சொல்லிவிட்டாள்.

"அந்த ஆட்டத்தை மெஷின்ல போட்டுப் பாத்தேன்ணா."

"எந்த ஆட்டம்? நம்மளுதா? என்ன சொல்லுது?"

"டிராதானாம். நான் என்ன ஆடியிருந்தாலும் டிராதானாம்."

"அப்ப என் யானை?"

"யானை சரிதானாம்."

 அவன் சிரித்தான், சின்ன வயதில் குதிரையைக் கொடுத்துவிட்டுச் சிரிப்பானே, அதே சிரிப்பு. "நான் சொல்லலே? அந்தக் காலத்துலயே, கம்ப்யூட்டர் இல்லாம, நானே கண்டுபிடிச்சது! நீயும் நல்லாத்தான் ஆடினே, இல்லைங்கல. ஏய், அதை அப்படியே படமெடுத்து எனக்கு அனுப்பேன். கிளப் ஆளுங்க குரூப்ல போடறேன்."

"சரிண்ணா" என்றாள்.

பஸ் வரவில்லை. நின்றுகொண்டே காய்களை மறுபடி அடுக்கி, யானை நன்றாகத் தெரியும்படி படமெடுத்து அனுப்பினாள். பஸ் வந்து, ஜன்னல் ஓரம் இடம் பிடித்து உட்கார்வதற்குள், அண்ணன் எப்போதோ அவளையும் சேர்த்துவிட்டிருந்த அந்தக் குரூப்பில் கைதட்டல் படங்கள் வரிசையாக வந்து விழ ஆரம்பித்தன. பழைய ஆட்களில் ஒருவர், "புயல்னா புயல்தான்! அந்தப் பொண்ணு யாருப்பா, பேர் மறந்துபோச்சு, இப்பவும் ஆடுறாங்களா?" என்று கேட்டிருந்தார். அண்ணன் பதில் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. அவள் அதைப் படிக்கக் காத்திருக்கவில்லை. போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.